டயாலிஸிஸ்... மெஷின் பாதி, வீடு பாதி!

‘ரெண்டு கிட்னியும் வேலை செய்யலை. டயாலிஸிஸ் ஆரம்பிச்சுடலாம்’ என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் எல்லோர் மனதிலும் எழுகிற கேள்வி... ‘இன்னும் எத்தனை நாளைக்கு?’

இதற்கு ஒரே பதில் கிடையாது. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளைடு ஷீல்ட்ஸ் என்பவருக்குத் தொடர் டயாலிஸிஸ் ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து மெஷினிலேயே மனிதர் 11 வருஷம் வாழ்ந்தார்! கடைசியில் அவரைப் பறித்தது இதயக் கோளாறு. இன்றைக்கும் டயாலிஸிஸ் நோயாளிகளுக்கு முதல் எதிரி இதயம்தான். அடுத்தது கிருமித் தொற்று. வயதை மாற்ற முடியாது. சர்க்கரையும் இதய நோயும் ஏற்கெனவே இருந்தால் ஆபத்து கூடும். ஆனால் நம் கையில் இருப்பவையும் நிறைய!

முறை தவறலாமா?

நல்ல கிட்னி ராப்பகலாக உழைக்கும். மெஷினுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். முதுகுளத்தூரிலிருந்து ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பஸ் பிடித்துப் போய்வருகிறவருக்கு அலுப்பு வருவது சகஜம். ‘இன்னிக்கு நல்லாத்தானே இருக்கேன், அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இடைவெளி நீள நீள ரத்தத்தில் பொட்டாசியமும் உடம்பில் நீரும் ஏறும். இதயம் திடீரென்று நின்றுபோகலாம்.

அலைய முடியாதவர்கள், வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிஸிஸ் ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள்.

கையைக் காப்பாற்றுங்கள்

கழுத்தில் போடும் குழாய் வழியாகக் கிருமி சுலபமாக ரத்தத்தில் புகுந்துவிடும். கையில் ரத்தநாளங்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவே பாதுகாப்பானது. அது பக்குவப்பட வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. அந்தக் கையில் ஊசி, பி.பி. பார்ப்பது எதுவும் கூடாது. தினமும் தொட்டுப் பார்த்தால் ‘விர்ர்’ரென்று அதிர்வு தெரியும். தெரியவில்லையா? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தாகமும் சாப்பாடும்

ராமநாதபுரம் வெயிலில் தாகத்தை அடக்குவது கஷ்டம்தான். ஆனால் தாகத்தைத் தூண்டுவதே உப்பு! கருவாடு, ஊறுகாய், அப்பளத்தை நிறுத்தினால் தாகம் தானாகக் குறையும். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக் குடிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் டாக்டர் சொல்லும் அளவே உங்களுக்குச் சரி. காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாமே இதில் அடக்கம். ‘குளிர்ச்சிதானே’ என்று இளநீர் கொடுத்துவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சோடியம் குறைந்த உப்பிலும் அதே ஆபத்து உண்டு.

இன்னொரு தவறு பல வீடுகளில் நடக்கிறது. டயாலிஸிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள்; பிறகும் அதே பத்தியத்தைத் தொடர்வார்கள். டயாலிஸிஸில் புரதம் வெளியேறுவதால் இப்போது கூடுதலாகவே தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு தினம் சுமார் 60 முதல் 72 கிராம். முட்டை வெள்ளைக்கருவும் அளவான புது மீனும் உதவும். உடம்பு இளைத்து, ரத்தம் குறைந்தவர்களே சீக்கிரம் நோயிடம் தோற்கிறார்கள்.

ஒரு நோட்டுப் போட்டு, தினமும் காலையில் எடையையும் சிறுநீர் அளவையும் எழுதி வையுங்கள். எடை மளமளவென்று ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த முறைக்காகக் காத்திருக்க வேண்டாம்... உடனே கிளம்புங்கள்!