பழவேற்காடு ஏரியும் எல்லைக் கணக்கும்

நிலத்திற்குச் சர்வே கல் நட்டு எல்லை காட்டுதல் எளிது. பழவேற்காடு ஏரியிலோ கல் நட இடமில்லை. அவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திரத்தையும், தென்பகுதி தமிழ்நாட்டையும் சேர்ந்தது. நீர்மேற் செல்லும் எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது. வலை வீசும் இருபுறக் குடிகளுக்கும் அவ்வெண்கள் ஜீவனத்தைப் பற்றிய விஷயமாகும்.

அவ்வெண்கள் பூமியின் வடிவைக் குறித்த ஒரு கணக்கைச் சார்ந்தவை. 1802-ல் லாம்ப்டன் என்பவர் பரங்கிமலைக்கு அருகில் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து வளர்ந்த முக்கோண அளவையைக் கொண்டு, அவருக்குப் பின்வந்த எவரெஸ்ட் 1830-ல் பூமியின் அளவுகளைக் கணித்தார். இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள் அக்கணக்கின்படி வரையப்பட்டவை. இக்காலத்து ஜி.பி.எஸ். கருவியோ 1984-ஆம் ஆண்டின் உலகக் கணக்கைப் பின்பற்றுகிறது. இவ்விரண்டிலும் பூமத்திய ரேகையின் ஆரம் 800 மீட்டருக்கு மேல் வேறுபடும், மையமும் வேறு. ஆகவே, பழைய படத்தின் எண்ணை மாற்றாது அப்படியே கருவியிற் புகுத்தினால், குறித்த இடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகக்கூடும். படகுக்காரர் தம் எல்லைக்குள் இருப்பதாக நம்பி அயலார் நீரில் வலை வீச நேரிடும்.

2005-ஆம் ஆண்டின் தேசியப் படக் கொள்கைக்குப்பின், பொதுமக்களுக்கான படங்கள் உலகக் கணக்கிலேயே வெளியிடப்படுகின்றன. ஆயினும், எண்களைக் குறிக்கும் கிராம அதிகாரிகள், அவை எக்கணக்கைச் சேர்ந்தவை என்பதையும் உடன் எழுதி வைத்தல் அவசியம். படத்திற் காணும் கோயில் அல்லது கல்லின்மேற் கருவியை முதலில் வைத்து, இரு எண்களும் ஒத்திருக்கின்றனவா எனச் சோதித்த பின்னரே வழக்குள்ள எல்லையைக் காட்டுதல் நலம்.