கேமரன் மலைக் கடை – 6: எந்த நாட்டுக்கு அனுப்பலாம்?

இணையத்தில் கடை திறக்கும்போது ஒரு பக்கம் வரும். எந்தெந்த நாடுகளுக்குப் பொருள் அனுப்புவீர்கள் என்று கேட்கும். பட்டியலின் உச்சியில் ‘உலகம் முழுவதும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பிரிஞ்சாங்கில் இருந்துகொண்டு தேயிலையும் ஸ்ட்ராபெரி ஜாமும் விற்கத் தொடங்கும் தம்பி தங்கைகளே, அந்தக் கட்டத்தை மட்டும் அழுத்தாதீர்கள்.

அழுத்தத் தூண்டும் ஆசை நியாயமானதுதான். 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தேயிலை வந்தது. அந்தக் காலத்தில் இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆனால் அந்தத் தூள் எந்த ஊருக்குப் போக வேண்டும், என்ன விலைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இருந்ததில்லை. இன்று லயத்து வீட்டில் வளர்ந்த ஒரு பெண் தன் கைபேசியிலேயே அதைத் தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானம் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாரம் முழுவதும் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். மலேசியா தான் விளைவிப்பதைவிட அதிகமாகத் தேயிலை குடிக்கும் நாடு. மீதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அதனால் விலையிலோ அளவிலோ நாம் உலகச் சந்தையோடு போட்டி போட முடியாது. நம்மிடம் விற்க இருப்பது ‘கேமரன் மலை’ என்ற பெயர். அந்தக் குளிரில் ஒரு விடுமுறை கழித்தவர், சுங்கை பாலாஸ் சரிவைப் பார்த்தபடி ஒரு கோப்பை தே குடித்தவர், இங்கே பிறந்து வளர்ந்து வெளிநாட்டில் குடியேறியவர் ஆகியோர்தான் நம் வாடிக்கையாளர்கள். ஆகவே ஒரு நாட்டைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அங்கே இந்தப் பெயரை அறிந்தவர்கள் இருக்கிறார்களா என்பது. அடுத்த கேள்வி, வாசலில் பார்சலை வாங்கும்போது அவர் கையிலிருந்து கூடுதலாக ஒரு காசு போகுமா என்பது. போகும் என்றால் அது எவ்வளவு என்று அவர் பணம் கட்டும் முன்பே உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத நாட்டைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இந்த இரண்டு கேள்விகளிலும் தேறுவது சிங்கப்பூர். நம் மலைக்கு வரும் வெளிநாட்டு விருந்தினரில் சிங்கப்பூரர்களுக்குத் தனி இடம் உண்டு. அஞ்சலிலோ விமானத்திலோ வரும் 400 சிங்கப்பூர் வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கு எல்லையில் ஜிஎஸ்டி வசூலிப்பதில்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் அத்தகைய பொருளுக்கும் விற்கும் இடத்திலேயே வரி உண்டு. பதிவு செய்யும் கடமை எல்லாருக்கும் இல்லை. உலகளாவிய விற்றுமுதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளியையும், சிங்கப்பூர் நுகர்வோருக்கான விற்பனை ஒரு லட்சம் வெள்ளியையும் தாண்டிய விற்பனையாளருக்கும், பெரிய விற்பனைத் தளங்களுக்கும்தான் அது பொருந்தும். எனவே உங்கள் சொந்தத் தளத்தில் விற்று அஞ்சலிலோ விமானத்திலோ அனுப்பினால் வாங்குபவருக்கு வரி இல்லை. ஷோப்பி போன்ற தளத்தில் விற்றால் அந்தத் தளமே 9% வாங்கி அரசுக்குக் கட்டிவிடும். இரண்டிலும் வாசலில் வாக்குவாதம் இல்லை. நம் நாடும் 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்குட்பட்ட இணைய இறக்குமதிக்கு 10% விற்பனை வரி வாங்குகிறது. ஆகவே இதில் சிங்கப்பூரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புருணையையும் சேர்த்துக்கொள்ளலாம். மலாய் மொழி லேபிள் அங்கே அப்படியே செல்லும்.

பக்கத்திலேயே இருக்கும் இந்தோனேசியா, சிறு விற்பனையாளருக்கு வெகு தூரம். 2020 ஜனவரி இறுதியில் வரிவிலக்கு வரம்பை 75 அமெரிக்க டாலரிலிருந்து 3 டாலராகக் குறைத்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த வணிக அமைச்சின் விதி, இணையத் தளங்கள் வழியே வெளிநாட்டிலிருந்து நேரடியாக விற்கும் பொருளுக்கு 100 டாலர் என்ற குறைந்தபட்ச விலையை வைத்தது. 100 டாலருக்குத் தேயிலை வாங்கும் வீடு அபூர்வம். வரைபடத்தில் அருகே இருப்பதால் மட்டும் ஒரு நாடு சுலபமாகிவிடாது.

ஆஸ்திரேலியாவில் நாட்டைப் பார்ப்பதோடு பொருளையும் பார்க்க வேண்டும். ஆலையில் பதப்படுத்திப் பொட்டலம் கட்டிய கறுப்புத் தேயிலைக்குச் சிக்கல் குறைவு. 1,000 ஆஸ்திரேலிய டாலருக்குட்பட்ட பார்சலுக்குச் சுங்கவரி கிடையாது. 2018 ஜூலை முதல் உள்ள 10% ஜிஎஸ்டிக்கு, ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் அந்த நாட்டில் விற்பவர்தான் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அதே பெட்டியில் ஒரு புட்டி தேன் வைத்தால் கதை மாறிவிடும். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா, தன் நாட்டின் பிற மாநிலங்களிலிருந்து வரும் தேனையே எளிதில் அனுமதிப்பதில்லை. பால் பொடி கலந்த ‘3 இன் 1’ தே தாரிக் பொட்டலம் தேயிலைக் கணக்கில் வராது. அது பால் பொருளுக்கான கெடுபிடிக்குள் போய்விடும். நாடு வாரியாகப் பட்டியல் போடுவதோடு நில்லாமல், பொருள் வாரியாகவும் போடுங்கள். புதிய ஸ்ட்ராபெரிப் பழமும் செடியும் எந்த நாட்டுப் பட்டியலிலும் வேண்டாம்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2016 முதல் 800 டாலர் வரையிலான பார்சல் அங்கே வரியில்லாமல் நுழைந்தது. அந்த ஒரே விதியை நம்பி உலகெங்கும் சிறு கடைகள் முளைத்தன. 2025 ஆகஸ்ட் 29 அன்று அது எல்லா நாடுகளுக்கும் நின்றுபோனது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்கப் பார்சல்களை வாங்குவதையே நிறுத்தின. இந்திய அஞ்சல் துறையும் அவற்றில் ஒன்று. அந்த ஆண்டு புதிதாக விதித்த கூடுதல் இறக்குமதி வரியிலிருந்து தேயிலை, காப்பி போன்றவற்றுக்கு நவம்பரில் விலக்கு அறிவித்தார்கள். ஜாமும் பிஸ்கட்டும் தேயிலையோடு ஒரே பெட்டியில் போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. இதற்கு மேல் உணவுப் பொருளுக்கென்றே ஒரு நடைமுறை இருக்கிறது. விற்பனைக்காக அனுப்பும் உணவு போய்ச் சேரும் முன்பே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். தயாரிக்கும் ஆலை அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு முகவரும் வேண்டும். ஆண்டுக்குப் பத்து ஆர்டருக்காக ஒரு சிறு கடை இதைச் சுமக்க வேண்டியதில்லை. ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்லி வாங்குபவரே யோசனை சொல்வார். பணம் வாங்கி விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய்ச் சாட்சி. அதில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும்.

ஐரோப்பாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனுக்கு 135 பவுண்டுக்குட்பட்ட பொருளைச் சொந்தத் தளத்திலிருந்து விற்றால், வரிப் பதிவு பற்றிய கேள்வி முதல் விற்பனையிலேயே எழும். தேயிலைக்கு அங்கே மதிப்புக் கூட்டு வரியான வாட் பூஜ்யம்தான் என்றாலும் காகித வேலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து முதல் யூரோவிலேயே வாட் உண்டு. ஜெர்மனிக்கு அனுப்புவதென்றால், நீங்கள் போடும் அட்டைப் பெட்டிக்கும் பிளாஸ்டிக் உறைக்கும்கூட ‘லூசிட்’ என்ற பதிவேட்டில் பெயர் கொடுக்க வேண்டும். விற்பனை நன்கு வேரூன்றிய பிறகு பார்க்க வேண்டிய நாடுகள் இவை.

இனி இந்தியா. இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறிய ஊர்களுக்கு இந்த மலையின் தேயிலை ஒரு பொட்டலமாவது போக வேண்டும் என்று மனம் விரும்புகிறது. ஆனால் இந்தியாவில் தேயிலைக்கு அடிப்படைச் சுங்கவரி 100%. ஆசியான் ஒப்பந்தத்தின் கீழ் உற்பத்திச் சான்றிதழோடு போனால் வரி குறையும் என்றாலும், கால் கிலோ பார்சலுக்கு அந்தச் சான்றிதழ் வாங்குவது கட்டுப்படியாகாது. விற்பனைக்குப் போகும் உணவுக்கு அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளும் உண்டு. இணையத்தில் வாங்கி ‘பரிசு’ என்று இறக்கும் வழியையும் 2019 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ராக்கிக் கயிறுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு. நீலகிரியும் அசாமும் விளையும் நாட்டில் நாம் தேயிலை விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஊருக்குப் போகும் சொந்தக்காரரிடம் அன்போடு கொடுத்தனுப்புங்கள். கடைப் பட்டியலில் இந்தியாவைச் சேர்க்காதீர்கள்.

எந்த நாடானாலும் பெட்டியின் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். தேயிலை எடை குறைந்தது, இடம் அடைப்பது. விரைவு அஞ்சலும் கூரியரும் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஓர் எடை காண்பார்கள். 30, 20, 15 சென்டிமீட்டர் பெட்டி 1.8 கிலோவாகிவிடும், உள்ளே அரைக் கிலோ தூள்தான் இருந்தாலும் கூலி 1.8 கிலோவுக்கே. சுங்கப் படிவத்தில் வெறுமனே ‘தே’ என்று எழுதாமல், ‘கறுப்புத் தேயிலை, சில்லறைப் பொட்டலம், மலேசியத் தயாரிப்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதி 090230 என்ற எண்ணையும் போடுங்கள். 3 கிலோவுக்கு மிகாத பொட்டலத்தில் வரும் கறுப்புத் தேயிலைக்கான எண் அது. பச்சைத் தேயிலைக்கு 090210.

தொடக்கத்தில் சிங்கப்பூர், புருணை. சில மாதம் பார்சல்கள் சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தால் தேயிலைக்கு மட்டும் ஆஸ்திரேலியா. மற்ற நாடுகளிலிருந்து கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் விடாதீர்கள். “அக்கா, இப்போதைக்கு உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ உங்களுக்குச் சொந்தம் இருந்தால் அந்த முகவரிக்கு அனுப்புகிறேன், வரும்போது எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதுங்கள். யார் எந்த நாட்டிலிருந்து கேட்டார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்து எந்த நாட்டுச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்பதை அந்த நோட்டு காட்டும்.

(தொடரும்)