பழைய செடான் ‘கெட்டி வண்டி’யா? கிராஷ் டெஸ்ட் சொல்வது என்ன?

திண்டுக்கல் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால் பானெட்டைத் தட்டிக் காட்டுபவர்கள் உண்டு. “சத்தத்தைக் கேளுங்கண்ணே, தகரம் எவ்வளவு கெட்டி! இப்ப வர்ற வண்டியெல்லாம் டப்பா.” வாங்க வந்தவரும் மைலேஜ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் விசாரிப்பார். வண்டி மோதினால் உள்ளே இருக்கும் குடும்பம் பிழைக்குமா என்ற கேள்வி மட்டும் வராது. ‘கெட்டி’ என்ற ஒரு வார்த்தையே அதற்கும் பதிலாகிவிடுகிறது.

கிராஷ் டெஸ்ட் முடிவுகள் வேறு கதை சொல்கின்றன.

சோதனையில் என்ன செய்வார்கள்?

குளோபல் என்கேப் அமைப்பின் முன்பக்கச் சோதனையில், கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் ஒரு தடுப்பில் மோதவிடப்படும். முழு முகப்பும் மோதாது, 40 சதவீதம் மட்டுமே மோதும். எதிரே வரும் வண்டியின் மீது பாதி முகப்பு இடிப்பது போன்ற நிலை இது. உள்ளே சென்சார் பொருத்திய டம்மி பொம்மைகள் இருக்கும். தலை, கழுத்து, நெஞ்சு, கால்களில் எவ்வளவு அடி விழுந்தது என்பதை வைத்தே ஸ்டார் கொடுக்கிறார்கள்.

கெட்டித் தகரம் காப்பாற்றாதா?

2009-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் (ஐ.ஐ.எச்.எஸ்.) இதைச் சோதித்தே காட்டியது. 1959-ம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் செடானும் 2009-ம் ஆண்டின் செவர்லே மாலிபுவும் நேருக்கு நேர் மோதவிடப்பட்டன. நம்ம ஊர் அம்பாசடர் போல, ‘இரும்பு வண்டி’ என்று பேர் வாங்கிய ரகம் பெல் ஏர். மோதலில் அதன் ஓட்டுநர் அமரும் பகுதியே நசுங்கியது. நிஜ ஓட்டுநர் இருந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் காலில் மட்டுமே லேசான காயம் ஏற்பட்டிருக்கும்.

காரணம் எளிது. மோதலின் வேகத்தை எதுவாவது வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய கார்களில் முன்பக்கம் மடங்கி அதை வாங்கிக்கொள்ளும், ஆட்கள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்கும். முன்பக்கம் நொறுங்குவதைப் பார்த்து “டப்பா” என்கிறோம். அது நொறுங்குவதே நம்மைக் காப்பாற்றத்தான்.

கூடு மட்டும் நன்றாக இருந்தாலும் போதாது. 2014 ஜனவரியில் சோதித்த ஃபோக்ஸ்வேகன் போலோவின் கூடு உறுதியாகவே நின்றது. ஆனாலும் ஏர்பேக் இல்லாத வண்டிக்குக் கிடைத்தது 0 ஸ்டார். இரண்டு ஏர்பேக் உள்ள அதே போலோவுக்கு 4 ஸ்டார்.

பேர் ஒன்று, ஸ்டார் வேறு

2010-ல் ஐரோப்பாவில் மாருதியின் தாய் நிறுவனமான சுசுகியின் ஸ்விஃப்ட் 5 ஸ்டார் வாங்கியது. 2014 நவம்பரில் இந்தியாவின் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட் 0 ஸ்டார். 2018-ல் அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட் 2 ஸ்டார். விதிகள் கடுமையானதும் 2022-ல் 1 ஸ்டார்.

ஸ்விஃப்டின் செடான் வடிவம்தான் டிசையர். ஸ்விஃப்டின் முடிவை அப்படியே அதற்கு ஒட்டவைக்க முடியாது என்றாலும் இரண்டும் ஒரே குடும்பம். 2024 நவம்பரில் வந்த புதிய டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார் வாங்கியது. “டிசையர்னா அஞ்சு ஸ்டார்ண்ணே” என்று யாராவது 2013 வண்டியைக் காட்டினால் நம்பக் கூடாது. அந்த ஸ்டார் புதிய தலைமுறைக்கு மட்டுமே சொந்தம்.

எந்த வருஷ வண்டி என்பது ஏன் முக்கியம்?

முன்பக்க மோதல் சோதனை 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபரில் மற்ற கார்களுக்கும் நம் நாட்டில் கட்டாயமானது. இதன் வேகம் 56 கி.மீ. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது 2021 டிசம்பர் 31-ல்தான். அதற்கு முந்தைய வண்டியில் ஏர்பேக் இருக்கிறதா என்பது மாடலையும் வேரியண்ட்டையும் பொறுத்தது.

வேகம் கூடினால்?

மதுரை ரோட்டிலோ கரூர் ரோட்டிலோ 100-ல் போவது பலருக்குச் சாதாரணம். 64 கி.மீ. வேகத்தைவிட 100 கி.மீ. வேகத்தில் மோதலின் ஆற்றல் சுமார் 2.4 மடங்கு. சோதனை நடந்ததோ 64-ல். 5 ஸ்டார் வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* ஆர்.சி.யில் பதிவு தேதியோடு தயாரிப்பு மாதம், வருஷத்தையும் பாருங்கள்.
* சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையாமல் நின்றாலும் சிக்கல். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமலே விற்க வந்த வண்டியாகவும் இருக்கலாம்.
* சேஸிஸ் நம்பரை வைத்து, அந்த வண்டிக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் வந்ததா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். தகாட்டா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் பாகத்துக்காகப் பழைய ஹோண்டா சிட்டி உள்ளிட்ட கார்கள் இந்தியாவிலும் அழைக்கப்பட்டன.
* பின் சீட் பெல்ட்டுகளை இழுத்து, மாட்டிப் பாருங்கள். சீட் கவருக்கு அடியில் பக்கிள் புதைந்து கிடக்கும் வண்டிகள் நிறைய. பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

ஏர்பேக் வேலை செய்வதே பெல்ட் போட்டிருப்பார்கள் என்ற கணக்கில்தான். பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் உடம்பு மீது விரியும் ஏர்பேக்கே காயப்படுத்திவிடும்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் அலாய் வீல், டச் ஸ்கிரீன், புது பெயின்ட் இல்லாத வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். பழனிக்கோ மதுரைக்கோ அப்பா அம்மா, பிள்ளைகளோடு போகிற வண்டியில், 30 ஆயிரம் கம்மி என்பதற்காக ஏர்பேக் இல்லாததை எடுப்பது லாபக் கணக்கு அல்ல.