'பரவாயில்லீங்க'வுக்கு எத்தனை மார்க்?

சென்னிமலையில் யாரையாவது, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து பதில் வரும்: "பரவாயில்லீங்க!"

பாவு அறுந்தாலும் பரவாயில்லீங்க. பெட்ஷீட் ஆர்டர் வராவிட்டாலும் பரவாயில்லீங்க. கொங்குச் சீமையின் மரியாதை அது!

சிக்கல் என்னவென்றால், கேன்சர் வந்தவரும் அதையேதான் சொல்கிறார். டாக்டரிடமே!

ஒரு தறிக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். வாயில் புற்று. மருந்து ஏறுகிறது. கட்டி சுருங்குவதாக ஸ்கேன் சொல்கிறது. டாக்டருக்கு சந்தோஷம். அண்ணனோ ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறார். கட்டியை நினைத்தா? இல்லை. வாங்கிய கடன் ஒரு பக்கம். 'பொண்ணோட அப்பனுக்கு என்ன சீக்கு?' என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பார்களே என்ற பயம் மறு பக்கம். இது எந்த ஸ்கேனில் தெரியும்?

கவலையை அளக்க முடியுமா ஸார்? முடியும்!

ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் 1993-ல் 30 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டார்கள். வலி, தூக்கம், பசி மட்டுமல்ல, நோயால் பணக்கஷ்டம் வந்ததா என்றும் அதில் கேட்கிறார்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் சும்மா இருக்கவில்லை. இந்திய நோயாளிகளுக்கென்றே ஒரு வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளைத் தயாரித்துச் சோதித்து, 2005-ல் முடிவை வெளியிட்டது.

ஆனால் எத்தனை கேள்வி கேட்டாலும், அண்ணனின் மாப்பிள்ளைக் கவலை அந்த லிஸ்ட்டில் இல்லாமல் போகலாமே?

அதற்கும் ஒரு வழி வந்தது. 2007-ல் பிரிட்டனில் சார்லட் பேட்டர்சன் குழுவினர் வெளியிட்ட சின்ன ஃபாரம். அதில் ரெடிமேட் கவலை எதுவும் கிடையாது. உங்களை அரிக்கும் கவலைகளில் ஒன்றோ இரண்டோ, உங்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மார்க். தொல்லையே இல்லை என்றால் 0. தாங்க முடியவில்லை என்றால் 6. மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கும் ஒரு மார்க். பரீட்சைக்கு நேர் எதிர்: ஸைபர் வாங்கினால்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ்!

கொஞ்ச நாள் கழித்து அதே கவலைக்கு மறுபடி மார்க். 6 என்பது 2 ஆனால் உதவி வேலை செய்கிறது. 6 அப்படியே நின்றால்? கட்டி கரைந்தாலும் மனிதர் கரைந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு இன்னொரு மாத்திரை வேண்டாம். உட்கார்ந்து பேச ஒரு ஆள், கடனுக்கு ஒரு வழி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் 4-ம் என் 4-ம் ஒன்றல்ல. அவரவர் மார்க்கை அவரவர் பழைய மார்க்கோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதில் ஆபீஸ்காரர்களான நமக்கு என்ன வேலை? இருக்கிறது! உடம்பு சரியில்லாத சக ஊழியரைப் பார்க்கப் போகிறோம். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், கூடவே இலவசமாக நாலு கை வைத்தியம். பத்தாவது நிமிஷம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது.

அடுத்த முறை வைத்தியத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "அண்ணா, இப்ப உங்களுக்கு ரொம்ப ரோதனையா இருக்கறது எது?" என்று கேளுங்கள். முதல் பதில் "பரவாயில்லீங்க"தான். எழுந்துவிடாதீர்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அது ஒண்ணுமில்லீங்க தம்பி..." என்று ஆரம்பிப்பார்.

அதுதான் விஷயம். பஸ் போனால் போகட்டும்!