ஜெபத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர்

திருமயம் பகுதியில் ஒரே தெருவில், ஒரே சாதியில் பிறந்த தோழியர் இருவர் சாதிச் சான்று கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் போனால், இந்துப் பெண்ணுக்கு ‘ஆதிதிராவிடர்’ என்றும், கிறிஸ்தவப் பெண்ணுக்குப் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்றும் கிடைக்கும். ஊர் இருவரையும் ஒரே சேரியில்தான் வைத்திருக்கிறது.

1950 குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர், இஸ்லாமியருக்குக் கதவு திறக்கவில்லை. பட்டியல் சாதி இடஒதுக்கீடு, தனித்தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அந்தப் பெண்ணுக்கு இல்லை.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது சட்டத்தின் கணக்கு. போகவில்லை என்கிறது, திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித்துகளைப் பிரித்துக் கட்டிய சுவர். ‘எல்லாரும் கடவுளின் பிள்ளைகள்’ என்று ஞாயிறு பூசையில் கேட்டு வளரும் பிள்ளைகள், தேவாலயத்தையும் அரசையும் சேர்த்தே கேள்வி கேட்கிறார்கள். உரிமைக்காக விசுவாசத்தை மறைத்து, இரண்டு பெயர்களோடு வாழ்வோரும் உண்டு.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத்தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. முடிவெடுக்க வேண்டியது ஒன்றிய அரசு.

மாணவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: மாநில அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் இடம் உண்டு. கேட்டு வாங்குங்கள்.