இடர்க்காலத்திற் சமாதானம்: ஒல்லாந்தர் ஆட்சியும் வடபுலக் கத்தோலிக்கரும்

துன்பம் மிகுந்த காலங்களிலே சமய நம்பிக்கை மனிதனுக்கு அமைதி அளிக்கின்றது என்பது அடிக்கடி கூறப்படுவதொன்று. முற்போக்குச் சிந்தனையாளர் இதனை ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளனர். துன்பத்தின் காரணத்தை ஆராயவிடாது மனிதனை அடங்கியிருக்கச் செய்யும் அமைதியினால் யாருக்கு நன்மை என்பது அவர்தம் வினா. அவ்வினாவை நாமும் நியாயமானதென்றே கொள்கின்றோம். நம் பேச்சு வழக்கிற் 'சமாதானம் சொல்லுதல்' என்பதற்கு ஏதோவொரு காரணங்காட்டி வாயடைத்தல் என்னும் பொருளும் உண்டு. கிறிஸ்தவர் போற்றும் சமாதானமும் அத்தகையதுதானா? இதனைப் பொதுப்படப் பேசுவதை விடுத்து, ஈழத்து வடபுலத்தின் ஒரு குறிப்பிட்ட காலத்தில் வைத்து நோக்குதல் பயனுடையது.

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. புதிய ஆட்சியாளர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கோவில்கள் புதிய சபைக்குரியனவாயின. அவற்றோடிணைந்த பாடசாலைகளிலேயே ஞானஸ்நானமும் விவாகமும் பதிவுசெய்யப்பட்டமையாற் சமயம் என்பது சொத்துரிமையோடும் உத்தியோகத்தோடும் பிணைந்த விடயமாயிற்று. இதனைக் கூறும்போது மற்றொன்றையும் மறத்தலாகாது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்தது 1621 இல். விரத நாளில் உண்ட இலையைக் கூரை இறப்பிற் செருகி மறைத்த சைவரைப் பற்றிய செவிவழிச் செய்தியை யாழ்ப்பாணத்தார் அனைவரும் அறிவர். முன்னைய ஆட்சியின் சமயமாக நின்று பிறரை ஒளித்து வழிபடச் செய்த சமயமே இப்போது தான் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஆயினும் ஒளிந்து வழிபட்டோர் ஆட்சியாளர் அல்லர். மீனவரும் உழவரும் உள்ளிட்ட சாதாரண மக்களே.

குருமாரற்ற ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அவர்கள் என் செய்தனர்? மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தினர் 1670 ஆம் ஆண்டளவில் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தரின் அதிகாரம் எளிதிற் சென்றெட்டாத வன்னிக் காட்டினுள் மருதமடுவை அடைந்தனர் என்பது மரபு. ஏனையோர் ஊரிலேயே இருந்தனர். வீடு கோவிலாயிற்று, மூப்பரும் அண்ணாவிமாரும் செபஞ் சொல்லிக் கொடுத்தனர்.

1687 இற் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் (1651 - 1711) ஏழைத் தொழிலாளி வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, கழுத்திற் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சையெடுத்துத் தம் மக்களை இனங்கண்டபோது, அழிந்துபோயிற்று என எண்ணப்பட்ட சமூகம் உயிரோடிருந்தமை வெளிப்பட்டது. சில்லாலை அவரது பணிக்கு மையமாயிற்று. 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் ஏறத்தாழ முந்நூறுபேர் கைதுசெய்யப்பட்டனர் என்பர். அவருட் சிலர் கடுந்தண்டனைக்குள்ளாயினர்.

மேலே எழுப்பிய வினாவுக்கு ஒருவகை விடை இங்கேயே கிடைக்கின்றது. அடங்கியிருத்தலே அமைதியெனின், அன்று அதற்கு எளிய வழி பதிவேட்டிற் பெயரை எழுதிவிட்டு மறந்துவிடுவதே. பலர் அவ்வாறே எழுதினர். எழுதியவருட் பலர் இரவில் வேறொரு வீட்டுக்குச் சென்று செபித்தனர். இவ்விரட்டை வாழ்வை நாம் வீரமென்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஆட்சியின் கட்டளைக்கு உள்ளத்தை ஒப்புக்கொடாத தன்மை அதிலே உண்டு. அச்சம் நீங்கியமையால் வந்த சமாதானமன்று அது. அச்சத்தோடு கூடவே இருந்த சமாதானம்.

யோவான் சுவிசேஷத்தில் இயேசு தம் சீடருக்குச் சமாதானத்தை விட்டுச் செல்வதாகக் கூறும் பகுதி, அவர் கைதுசெய்யப்பட்ட இரவுக்குரியதாக அமைந்திருத்தல் இங்கு மனங்கொளத்தக்கது. கேட்டுக்கொண்டிருந்தவர்களோ சிறிது நேரத்திற் சிதறி ஓடவிருந்தவர்கள். பாதுகாப்பு என்பது அங்கு வாக்களிக்கப்படவேயில்லை.

யோசேவாஸ் அடிகளின் பிற்கால வாழ்வு இச்சமாதானத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 1692 இற் கண்டிக்குச் சென்ற அவர் போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697 இல் அந்நகரில் அம்மைநோய் பரவியபோது வசதியுள்ளோர் வெளியேறினர். வீதிகளிலும் காடுகளிலும் கைவிடப்பட்ட நோயாளரை, அவர் எச்சமயத்தார் என நோக்காது, அவரும் யோசே கர்வாலோ அடிகளும் பராமரித்தனர். சிறைக்குள் அடைத்த நகரிலேயே தொண்டு செய்ய முடிந்த மனநிலையை வெறும் உள்ளடக்கம் என்று ஒதுக்கிவிடல் பொருந்தாது.

இலக்கிய மாணவர்க்கு இதைவிட முக்கியமானவர் 1705 இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676 - 1742). தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழிகளிலும் பல நூல்கள் யாத்தவர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளைக் கூறுவது. தவக்காலத்தில் ஓசையோடு வாசிக்கப்பட்டு, ஊர்தோறும் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வந்தது. குருவானவர் எப்போதாவது வந்துபோகும் ஊரிலே, ஒருவர் வாசிக்க ஏனையோர் கூடியிருந்து அழுவதற்கு ஒரு நூல் கிடைத்தது. கண்ணீர் விடுதற்குக் கூட ஒரு மொழியும் ஒரு கூட்டமும் வேண்டியிருக்கின்றன. தன் வீட்டு இழவை மகனை இழந்த தாயின் துயரத்தோடு சேர்த்து அழும்போது அது தனியொருத்தியின் சுமையாக இருப்பது ஒழிகின்றது. இவ்வழுகையை ஒப்பாரி மரபறிந்த நம்மவர் புரிந்துகொள்வது கடினமன்று. நம் இலக்கிய வரலாறுகள் இந்நூலுக்கு ஒரு வரிக்குமேல் ஒதுக்காதது குறையே.

எனினும் எல்லைகளைக் கூறாதுவிடல் ஆய்வு நேர்மையாகாது. ஒரே தண்டனைக்கு அஞ்சி ஒரே கூரையின் கீழ்ச் செபித்தோர் சாதி வேறுபாட்டைக் களைந்துவிடவில்லை. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை ஆங்கிலேயர் 1806 இல் நீக்கிய பின்னரும் யாழ்ப்பாணத்துக் கோவில்களில் அது நெடுங்காலம் நிலைத்தது. துன்பத்தைத் தாங்கும் ஆற்றலை அளித்த நம்பிக்கை, தானே பிறர்க்கு இழைத்த துன்பத்தைக் காணும் கண்ணைத் தானாக அளித்துவிடவில்லை. ஐயுறுவோரின் வினா இவ்விடத்தில் இன்னும் வலுவுடையதாகவே உள்ளது.

அடைக்கலம் என்ற எண்ணமும் அண்மைக்காலத்திற் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 1995 ஆம் ஆண்டு யூலை 9 ஆந் திகதி நவாலி சென் பீற்றர் தேவாலயத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோர் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பரில் மடுக் கோவிலிலேயே எறிகணைகள் வீழ்ந்தன. அங்கு தஞ்சம் புகுந்திருந்த பலர் உயிரிழந்தனர். 2008 ஏப்பிரலில், போர் அணுகியபோது, மடு மாதாவின் சொரூபம் மீண்டும் தூக்கிச் செல்லப்பட்டது. இம்முறை மன்னார்க் கரையோரத்துத் தேவன்பிட்டிக்கு. மாந்தை மக்கள் எக்காட்டைப் பாதுகாப்பென நம்பி வந்தனரோ, அக்காட்டிலிருந்தே அது வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அது மடுவுக்குத் திரும்பி வந்தபோது, அதற்குமுன் அங்கே மண்டியிட்ட வன்னி மக்களிற் பெருந்தொகையினர் கையிலெடுத்தவற்றோடு கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தனர்.