கூடுவிட்டுக் கூடு பாயும் செய்நிரல்கள்



ஓர் உடலை நீங்கிய உயிர் மற்றோர் உடலிற் புகுந்து முன்போலவே வாழ்ந்த சித்தர் கதைகளை நாம் கேட்டிருக்கின்றோம். கணனி உலகிலே இஃது அன்றாட நிகழ்ச்சியாகும். ஓர் இயந்திரத்துக்கென எழுதப்பட்ட செய்நிரல், அவ்வியந்திரம் பழுதடைந்து ஒழிந்த பின்னரும், முற்றிலும் வேறான இயந்திரமொன்றிலே இயங்குகின்றது. அதற்கு இடங்கொடுப்பது உலோகத்தாலும் சிலிக்கனாலும் ஆன செயலியன்று; செய்நிரலாலேயே ஆக்கப்பட்ட போலிச் செயலியாகும். போலி என்பது இங்கே பொய்யெனப் பொருள்படாது. 'ஐந்து' என்பது 'அஞ்சு' என நின்றும் பொருள் மாறாதிருத்தலை இலக்கண நூலார் போலி என்பர். அத்தகைய போலியே இதுவும்.

முதலில் மெய்யான செயலியின் தொழிலை நோக்குவோம். கணனியின் மூளை போன்ற இச்செயலி மூன்று காரியங்களையே இடையறாது செய்கின்றது. நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுக்கின்றது. அதன் பொருளை அறிகின்றது. அதன்படி செய்து முடிக்கின்றது. கட்டளைகளோ வெறும் எண்களே. ஒரு செயலிக்குக் 'கூட்டுக' எனப் பொருள்படும் எண், மற்றொரு செயலிக்கு வேறு பொருள் தரலாம். பொருளே தராமலும் போகலாம். ஆகவேதான் ஒன்றுக்கென எழுதிய செய்நிரலை மற்றொன்றிலே நேரே இயக்குதல் இயலாதாகின்றது.

போலிச் செயலியை ஆக்குவோர் செய்வது யாது? மெய்ச் செயலியினுள்ளே பதிவகங்கள் எனப்படும் சிற்றறைகள் உள. அவை ஒவ்வொன்றுக்கும் ஈடாகப் புதிய கணனியின் நினைவகத்திலே ஓரிடத்தை ஒதுக்குகின்றனர். பின்னர், பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'பழைய செயலி இதற்கு யாது செய்திருக்குமோ அதனையே செய்க' என விதிக்கும் செய்நிரலை எழுதுகின்றனர். ஒதுக்கிய இடங்களும் எழுதிய விதிகளும் சேர்ந்ததே போலிச் செயலி.

உதாரணமாக, 1976இல் சைலொக் நிறுவனம் வெளியிட்ட இசட்-80 செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் எட்டுப் பிட்டுப் பதிவகத்தில் 255க்கு மேற்பட்ட எண் அடங்காது. 255உடன் ஒன்றைக் கூட்டினால் பதிவகம் பூச்சியமாகிவிடும். மிஞ்சிய ஒன்று 'கொடி' எனப்படும் அடையாளத்திலே குறிக்கப்படும். இக்காலக் கணனி அதே கணக்குக்கு 256 என எளிதிலே விடை சொல்லும். ஆயின் போலிச் செயலி அவ்வாறு சொல்லலாகாது. அது பூச்சியத்தையே காட்டிக் கொடியையும் உயர்த்தல் வேண்டும். முன்னைய இயந்திரத்தின் ஆற்றலை மாத்திரமன்றி, அதன் எல்லையையும் பின்பற்றுவதே அதன் கடமை.

இதனாலே ஒரு தொல்லை விளைகின்றது. மெய்ச் செயலி ஒரே கட்டளையால் முடித்ததை, போலிச் செயலி பல கட்டளைகளால் முடிக்க நேர்கின்றது, வேகம் குறைகின்றது. மேடையிலே பேச்சாளர் கூறும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் பெயர்த்துரைப்பவரின் நிலை இது. அவர் ஒருமுறை பெயர்த்ததை எழுதி வைத்துக்கொண்டால், அதே வாக்கியம் மீண்டும் வரும்போது வாசித்துவிடலாமன்றோ? பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபப்ரீஸ் பெலார் 2003இல் வெளியிட்ட கியூ-எமு என்னும் செய்நிரல் இம்முறையையே கையாண்டது. பழைய கட்டளைகளைச் சிறு தொகுதிகளாகப் பெயர்த்துச் சேமித்து, வேண்டும்போதெல்லாம் எடுத்தாளுவதால் வேகம் பெரிதும் கூடுகின்றது.

விருந்தினரும் வீட்டாரும் ஒரே மொழி பேசுவோராயின் பெயர்ப்பே வேண்டாம். ஒரு பெருங்கணனியைப் பல மாயக் கணனிகளாகப் பகுக்கும்போது, சாதாரணக் கட்டளைகள் மெய்ச் செயலியிலேயே நேராக ஓடுகின்றன. முழு இயந்திரத்தின் ஆட்சியைத் தொடும் கட்டளைகளை மாத்திரம் மேற்பார்வைச் செய்நிரல் தடுத்து நிறுத்தி, தானே நிறைவேற்றுகின்றது. இதற்குச் செயலி எவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும் என்பதைப் போப்பெக், கோல்ட்பேர்க் என்னும் அறிஞர் இருவர் 1974இல் வரையறுத்தனர். எனினும், தனியாள் கணனிகளிலே பரவிய செயலிகள் அவ்வரையறைக்கு நெடுநாள் அமையவில்லை. இன்டெல் நிறுவனம் 2005இலும் ஏ.எம்.டி. நிறுவனம் 2006இலும் இதற்கான அமைப்பைச் செயலியிலேயே சேர்த்தன.

இத்தனை முயற்சியும் எதற்காக? ஐ.பி.எம். நிறுவனம் 1959இல் அறிவித்த 1401 கணனியை நம்பிப் பல்லாயிரம் நிலையங்கள் தம் கணக்குகளுக்கான செய்நிரல்களை எழுதி வைத்திருந்தன. 1964இல் அந்நிறுவனமே சிஸ்டம்/360 என்னும் புதிய குடும்பத்தை அறிவித்தபோது, அதன் கட்டளைமொழி முற்றிலும் வேறாயிருந்தது. வாடிக்கையாளர் பல ஆண்டுகளாகப் பட்ட பாடு வீணாகும் நிலை. ஆதலின் புதிய குடும்பத்தின் சில கணனிகளினுள்ளே, 1401இன் கட்டளைகளை நிறைவேற்றும் நுண்கட்டளைகளும் பதிக்கப்பட்டன. பழைய செய்நிரல்கள் புதிய கூட்டிலே உயிர் பெற்றன.

ஆயினும் இதற்கோர் இன்றியமையாத நிபந்தனை உண்டு. பழைய செயலி ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வாறு நடந்தது என்பது எவருக்கேனும் தெரிந்திருத்தல் வேண்டும். எழுத்தை வாசிக்க அறிந்தவர் மறைந்துவிட்டால், சுவடி கையிலிருந்தும் பயனில்லை. அவ்வாறே, இயந்திரத்தின் இயல்பை விளக்கும் ஏடுகள் அழிந்துவிட்டால், செய்நிரல் கையிலிருந்தும் அது வெறும் எண்களின் வரிசையே. ஆகவே செய்நிரலைக் காக்க விரும்புவோர், அது வாழ்ந்த கூட்டின் வரலாற்றையும் உடன் காத்தல் வேண்டும்.